ஜி ஷார்ப்பும் செல்வம் அண்ணனும்

இன்று கோச்சடையில் எங்கள் இசைக்குழுவின் ரிகர்சல். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி கல்யாண ரிசப்ஷனில் எனக்கு முதல்முறையாக கிட்டார் சோலோ கொடுத்திருக்கிறார்கள்.

சோலோவுக்குப் பின்னால் கீபோர்டில் ஒலிக்கும் கார்டுகள், அதாவது ஸ்வரக் கூட்டுகள், ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர். முழுக்க ஏ மைனர் ஸ்கேலில் வாசித்தேன். ஈ மேஜர் வரும்போது மட்டும் ஜி-யை அரை ஸ்வரம் ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கிக்கொண்டேன்.

கீபோர்டு வாசிக்கும் செல்வம் அண்ணன் நிறுத்திவிட்டார். "மாப்ள, நடபைரவில ஆரம்பிச்சுட்டு நடுவுல கீரவாணிக்கு எதுக்குப் போற? ஒரே ராகத்துல நில்லு."

"அண்ணே, நீங்க பிடிக்கிற கார்டுலயே ஜி ஷார்ப் இருக்கு. நான் சாதா ஜி வாசிச்சா ரெண்டும் முட்டும்."

இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினேன். தபலாக்காரர் என் பக்கம் தலையாட்டினார். அண்ணன் முகத்தில் எதையும் காட்டாமல், "இன்னொருக்கா வாசி" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். என் ஜி ஷார்ப், தகரத்தில் ஆணி கீறியதுபோல் கேட்டது. கண்ணைத் திறந்தால், அண்ணன் ஈ மேஜரை ஈ மைனராக மாற்றிப் பிடித்திருக்கிறார். அதில் இருப்பது சாதா ஜி.

"இம்புட்டு தெரிஞ்ச ஆளு, நான் என்ன வாசிக்கிறேன்னு கேக்க வேணாமா?"

தியரி என் பக்கம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் விரலைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கப் போகிறேன். கீபோர்டுகாரரை நம்பிக் கண்ணை மூடும் தைரியம் இங்கே யாருக்காவது இருக்கிறதா?