திறக்காமல் விட்ட போல்ட்

அம்போன்சா வடக்கே தமாலே நகரத்துக்குக் கிளம்பியது ஜனவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில். வடக்கிலிருந்து இறங்கிய புழுதிக் காற்று குமாசி நகரத்தையே மூடியிருந்தது; காலை எட்டு மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. அவன் மனைவி ஃபோசுவா டாக்ஸியின் பானட்டை மூடி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"வழியில நின்னா, ஃபிட்டர் என் பொண்டாட்டின்னு சொல்லமாட்டேன். பயணிங்க என்னைத்தான் அடிப்பாங்க" என்றான் அம்போன்சா.

"நிக்காது. போ."

ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனான்.

ஃபோசுவாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் சுவாமே பட்டறைத் திடலுக்கு வந்தவள். முதல் இரண்டு வருடம் பெட்ரோலில் பாகங்கள் கழுவினாள். இவள் கை மாவு பிசையத்தான் ஆகும் என்று சொன்னவர்கள், பிறகு தங்கள் வண்டியை அவளிடமே கொண்டுவந்தார்கள். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் சங்கிலியும் கேம் ஷாப்ட் கியரும்தான் அவள் வேலை. சுவாமேயில் யாரும் முழு வண்டியைப் பார்ப்பதில்லை. பிரேக்குக்கு ஒருவன், ரேடியேட்டருக்கு ஒருவன். வயர் போகும் எதுவும் கரன்ட்காரனுடையது. அடுத்தவன் பாகத்தில் ஸ்பானர் வைப்பது அவன் சாப்பாட்டில் கை வைப்பது போல.

டாக்ஸிக்கு ஒரு மாதமாகவே ஒரு வியாதி. வேகமாக ஓடும்போது குறையே தெரியாது. வேகத்தடைக்காக மெதுவாக்கினால் இன்ஜின் அணைந்துவிடும். ஃபோசுவாவுக்குக் கேட்டதுமே புரிந்துவிட்டது. அந்த மாதிரி இன்ஜினில் கேம் ஷாப்ட் கியருக்குள் ஆயில் புகுந்து அதைக் கொஞ்சம் முன்னே திருப்பும். வேகத்தில் இன்ஜின் வால்வுகள் சீக்கிரம் திறப்பது அதனால்தான். மெதுவாகும்போது கியர் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

பழைய இன்ஜின் கடையிலிருந்து ஒரு கியர் வாங்கி வந்தாள். உள்ளே இருக்கும் பூட்டு ஊசி சரியாக விழுந்திருக்கிறதா என்று கையால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்கினாள். கியருக்கு ஆயில் விடும் சின்ன வால்வில் வயர் போகிறது. ஆகவே அது பக்கத்துப் பட்டறைக் கரன்ட்காரன் சுலேமானாவிடம் போயிற்று. அவன் அதைக் கழுவி, பேட்டரி கரன்ட் கொடுத்து, டக்கென்று அடிக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தந்தான். மாட்டி மூன்று வேகத்தடை ஏறி இறங்கிப் பார்த்தார்கள். இன்ஜின் அணையவில்லை.

கின்டாம்போ ஊரைத் தாண்டி ஒரு சிற்றூர் முகப்பில், நான்காவது மணி நேரத்தில், வேகத்தடை மேல் அணைந்தது. புழுதிக்குள் பின்னால் வந்த சிமென்ட் லாரிக்காரனுக்கு டாக்ஸி கண்ணில் படவே இல்லை. அம்போன்சாவும் பின் சீட்டில் இருந்த ஒரு பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். பிழைத்த ஒருவர் ஃபோசுவாவிடம் சொன்னார், அவன் கடைசிவரை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தான் என்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்பும் சிவப்புமான துக்கத் துணியில் உட்கார்ந்திருந்தபோது அம்போன்சாவின் அக்கா குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"வண்டிய வேற யார்கிட்டயாவது விட்டிருந்தா, இன்னைக்கு நாம யாரும் இந்தத் துணியக் கட்டியிருக்க மாட்டோம்."

ஃபோசுவாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, வேறொரு இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றது. வால்வுக்குப் போகும் ஆயில் வழியில், ஒரு போல்ட்டுக்குப் பின்னால், சுண்டுவிரல் நுனியளவு சல்லடை ஒன்று உண்டு. அழுக்கை அங்கேயே தடுக்க வைத்தது; டாக்ஸியில் அவள் அதைத் திறக்கவே இல்லை. ஸ்பானரோடு எழுந்து சுலேமானாவிடம் போனாள்.

"சுலே, அன்னைக்கு அந்தச் சல்லடையப் பாத்தியா?"

"அது இன்ஜின்ல இருக்கு அக்கா. உங்க பக்கம்."

"வால்வு உன்னுது. சல்லடை அந்த வால்வுக்காகத்தானே இருக்கு?"

"அதுல வயர் இல்லையே அக்கா."

சொல்லிவிட்டு அவன் வாசலிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

தன் கைதான் அம்போன்சாவைக் கொன்றதா என்று ஃபோசுவாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடியது அந்த இன்ஜின் ஒன்றுதான். வண்டியோ வடக்கே போலீஸ் வளாகத்தில், வழக்கு முடியட்டும் என்று கிடந்தது. மூன்று முறை பஸ் ஏறிப் போனாள். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன் என்று கேட்டாள். மூன்றாம் முறை அங்கிருந்த அதிகாரி, சாட்சியைக் கலைக்க வந்தாயா என்று கேட்டார். கம்பி வேலிக்கு அப்பால் நசுங்கிய பின்பக்கம் தெரிந்தது. இன்ஜின் இருந்த முன்பக்கம் அப்படியே இருந்தது.

வேலையை அவள் விடவில்லை. வேறு எதுவும் தெரியாது. எந்த வண்டி வந்தாலும், சங்கிலிச் சத்தம் என்று வந்தாலும், முதலில் அந்த போல்ட்டைத்தான் கழற்றினாள். சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டாள். பட்டறைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், தங்கம் தேடுகிறாயா என்று. பிறகு ஏன் என்று தெரிந்து, அவள் அந்த போல்ட்டில் கை வைக்கும்போது அப்பால் போய் நின்றார்கள். சுலேமானா ஒரு வருடம் தாக்குப் பிடித்தான். அப்புறம் பட்டறையை விற்றுவிட்டுத் தன் ஊரான தமாலேக்கே திரும்பிப் போனான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

விபத்து நடந்து நான்கு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அவள் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. கையிலிருந்த ஆயிலைத் துணியில் துடைத்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் போய்க் கேட்டாள்.

"அக்கா, சுலேமானா பேசறேன். வழக்கு முடிஞ்சு வண்டிய இங்க தமாலேல பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. விசாரிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு நானே பிரிச்சேன். நீங்க மாத்தின கியர்ல குறை இல்ல. நான் கழுவின வால்வுல ஒரு கரித் துணுக்கு சிக்கியிருக்கு, மூட முடியாம அப்படியே நிக்குது, அதான் கியர் திரும்பல. அந்த போல்ட்டையும் கழட்டினேன். உள்ள சல்லடையே இல்லக்கா. நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடியே எவனோ எடுத்து எறிஞ்சிருக்கான், ஓட்டை வெறுமனே கெடக்கு. திறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்களும் திறக்கல, நானும் திறக்கல. மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். வால்வு எங்கிட்டத்தான் இருக்கு. பஸ்ல குடுத்து அனுப்பட்டுமா, இல்ல இங்கயே இரும்போட போட்டுடவா?"