பசை டீச்சரின் அட்டை நாற்காலி

பக்கத்து அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

சாமான் அறையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த பசை டீச்சரின் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பாரம் ஏறினால் அட்டை எப்படி முனகும் என்பது அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையின் அழுகை தெரியாதா?

பசை காய்ந்த விரல்களுக்காகப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் 'பசை டீச்சர்'. அவள் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டிகூடத் தங்காது. எல்லாம் அறிவியல் வகுப்புக்கு வந்துவிடும். "கொஞ்சம் அசையாம உட்கார்ந்தா என்னையும் வெட்டி ஒட்டிடுவா," என்று கணவர் தன் அக்காவிடம் புலம்புவார்.

டீச்சர் பக்கத்திலிருந்த அறிவியல் அறைக்கு ஓடினாள். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, பிள்ளைகள் அட்டையில் செய்து மரநிறம் பூசிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. இந்த அறையை மூடிட்டு உடைஞ்ச பெஞ்சுகளைப் போடப்போறோம். வெட்டுறது, ஒட்டுறதெல்லாம் வெறும் விளையாட்டு. இவங்க செஞ்சது எதாவது ஒரு ஆளைத் தாங்குமா?"

டீச்சர் நாற்காலியின் கால்களைப் பார்த்தாள். அது அட்டை என்று சொன்னால் பதறித் துள்ளி, நாற்காலியோடு விழுவார். சொல்லாவிட்டால் அறை போய்விடும்.

அறையிலிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. செய்த பொருளை உடையும்வரை சோதிக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. டீச்சர் போட்ட சட்டம்தான்.

"சார், உங்க எடை என்ன?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"எதுக்கும்மா?"

"பாடத்துக்கு, சார். இந்த அகராதியைக் கொஞ்சம் பிடிங்க."

அகராதிக்கு மேல் உலக உருண்டை வந்தது. அதற்கு மேல் எடைக்கற்கள். மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அதிகாரி எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டார். நாற்காலி மறுபடி முனகியது.

"சார்," டீச்சரின் கண்கள் கலங்கிவிட்டன. "நீங்க உட்கார்ந்திருக்கிறதே இவங்க செஞ்சதுதான். அட்டை."

அதிகாரி சிலையானார். குரலுக்கும் கனம் உண்டு என்பதுபோல் கிசுகிசுத்தார்.

"ஆணி?"

"ஒண்ணுகூட இல்ல சார். பசைதான்."

"எழுந்தா உடையுமா?"

"அதை இன்னும் சோதிக்கல சார்," என்றாள் முன்வரிசைப் பெண்.

 அதிகாரி உலக உருண்டையைக் கட்டிப்பிடித்தபடி சொன்னார்: "அறை இருக்கட்டும்மா. பெஞ்சை வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

மடியிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, பிள்ளைகள் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள். நாற்காலி அப்படியே நின்றது. அவர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனார். பிறகு, தூங்கும் கைக்குழந்தை உள்ளே இருப்பதுபோல, சத்தமே வராமல் கதவைச் சாத்தினார்.