கேட்டில் தொங்கிய துண்டு

என் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு எனக்குக் கெட்ட கனவு வர ஆரம்பித்தது. அதைவிடக் கெட்டது, அந்தச் செய்தி எங்கள் பிளாக் முழுக்கப் பரவியது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் சுவர்களின் லட்சணம் அப்படி. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். நானோ அலறினேன்.

அதுவும் பட்டப்பகலில். ஊரில் உலகத்தில் மனிதர்கள் இரவில் கனவு கண்டு பயந்துகொள்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. மைன்ஸில் பெல்ட் ஓட்டும் இடத்தில் வேலை. வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்துகொண்டு போகும் அந்த ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால், பத்து மணி வெயிலில், கீரைக்காரி தெருவில் போகும் நேரத்தில், நான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்காருவேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் எட்டு வயது மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கனவு எப்போதும் ஒன்றுதான். பெல்ட் நின்றுவிடும். ஏன் நின்றது என்று பார்க்க அதன் ஓரமாகவே நடந்து போவேன். ஃபோர்மேன் இருக்க மாட்டார், ஆட்கள் இருக்க மாட்டார்கள். தூரத்தில் என் மனைவி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. இறங்கு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிடும்.

இதற்கு எங்கள் பிளாக்கில் மருந்துக்குப் பஞ்சமில்லை. எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்து சேர்ந்த கூட்டம். வரும்போது ஊறுகாய் ஜாடியோடு ஊர் மூடத்தனத்தையும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தது. நாகர்கோவில்காரர் தலைமாட்டில் துடைப்பத்தை வை என்றார். தஞ்சாவூர் அம்மாள் திருநீறு கொடுத்து அனுப்பினாள். கோயமுத்தூர்காரர் இரும்பு வைத்தால் எதுவும் அண்டாது என்று சொல்லி, மைன்ஸிலிருந்தே ஒரு பெரிய ஸ்பேனரைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் சொருகினார். என் மனைவி உயிரோடு இருந்தபோது இவர்கள் யாருக்கும் பயந்ததில்லை. செத்த பிறகு அவளை ஸ்பேனரைக் காட்டி விரட்டப் பார்த்தார்கள். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். டாக்டர் என்று ஒருவர் இருந்தார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் பாருங்கள்.

எல்லோரையும்விடப் பெரிய வைத்தியர் என் மனைவியின் அண்ணன். சாத்தூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவர். எதையும் எடை போட்டே பார்த்துப் பழகிய மனிதர். கருமாதிக்கு வந்து தங்கியிருந்தபோது நான் அலறியதை இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் காபியை ஆற்றிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்படிக் கத்துனா பிள்ளை பயந்து பித்துப்பிடிச்சுப் போவா. பெரிய பரீட்சை முடியட்டும். நான் வந்து பாக்கேன். அப்பவும் இப்படித்தான் கத்துதீங்கன்னா, பாப்பாவை என்கூட அனுப்பிருங்க. என் பிள்ளைகளோட பிள்ளையா வளரட்டும்."

எனக்கு அவர்மேல் கொலைவெறி வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. மகள் அவளாகவே என் பாயைவிட்டுத் தள்ளிப் படுக்க ஆரம்பித்திருந்தாள். மனைவி போய்விட்டாள், இவளும் போனால் அந்த வீட்டில் நானும் ஸ்பேனரும்தான்.

இங்கே எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த ஆள் தூங்குகிறான் என்றால், வீட்டுக்காரி கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவாள். துண்டைப் பார்த்தால் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். கீரைக்காரி கூவ மாட்டாள். ஷிப்டில் பிழைக்கும் ஊரில் இதுதான் ஒருவருக்கொருவர் காட்டும் அதிகபட்ச மரியாதை. என் மனைவி ஒருநாளும் துண்டு போட்டதில்லை. "துண்டு ஈரமா இருந்தா கொடியில போடப்போறேன், கேட்டுல எதுக்கு?" என்பாள். நான் தூங்கும்போதுதான் ஆட்டுக்கல்லில் உட்காருவாள், பாத்திரத்தை உருட்டுவாள், கீரைக்காரியோடு பேரம் பேசுவாள். நான் கட்டை மாதிரி கிடப்பேன்.

அவள் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண் என் கேட்டில் தானாகவே ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து போட்டாள். எந்த ஷிப்டாக இருந்தாலும் துண்டு தொங்கியது. தெரு வாயை மூடிக்கொண்டது. ரேடியோக்கள் கிசுகிசுத்தன. என் வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் பெல் அடிப்பதை விட்டார்கள். தலைவர் செத்தால்கூட இரண்டு நிமிஷம் மௌனம் போதும் என்பார்கள்; எனக்கு மாதக்கணக்கில் நடத்தினார்கள். நான் ஆத்திரத்தில் துண்டைப் பிடுங்கித் திண்டில் எறிந்தால், காற்றில் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துத் தட்டி மறுபடி போட்டுவிட்டுப் போவார்கள். இரக்கப்படுகிறவர்களிடமிருந்து தப்பிக்கவே முடியாது.

அந்தப் பக்கத்து வீட்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குள்ளஞ்சாவடிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி. அவன் குடும்பத்து நிலம் மைன்ஸுக்குப் போனதால் பெர்மனென்ட் வேலை கிடைத்தவன். இருவருக்கும் தினமும் சண்டை. கருவாட்டுக் குழம்பில் உப்பு என்று ஆரம்பித்தால் அவள் தம்பி கல்யாணத்தில் போடாத மோதிரம்வரை போகும். நான் அவர்களை மனிதர்களாகவே மதித்ததில்லை. என் மனைவி செத்த நாளிலிருந்து அவர்களும் சண்டையை நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு மரியாதை. என் மகளை நைட் ஷிப்ட் ராத்திரிகளில் தங்கள் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்காகவும் அவர்களிடம் எரிச்சல்தான் பட்டேன்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். கனவு இல்லை, அலறல் இல்லை. தலையணையில் எச்சில்கூட ஒழுகியிருந்தது. முகம் கழுவ வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் நெற்றியில் பெரிய வீக்கத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவர்கள் வாசலில் ஒரு அலுமினியக் குண்டான் நசுங்கிக் கிடந்தது.

"மன்னிச்சிடுங்க சார். எழுப்பிவுட்டுட்டோமா? எப்பவும் அடக்கிகினுதான் இருந்தோம். இன்னிக்கி மீறிடுச்சி."

அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. பெல்ட் ஓடும்வரை அதன் சத்தத்தை நாங்கள் யாரும் காதில் வாங்குவதில்லை. நின்றால்தான் காது திறக்கும். நின்றால் எங்கேயோ ஏதோ தப்பு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆட்டுக்கல்லும் கீரை பேரமுமாக என் வீட்டில் பகலெல்லாம் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்றுபோனதில்தான் நான் தினமும் அலறியிருக்கிறேன். இந்த மகானுபாவர்கள் ஊர்கூடி அதை நிறுத்திவைத்து, நின்றது நின்றபடியே இருக்கட்டும் என்று துண்டும் போட்டிருக்கிறார்கள்.

ரேடியோவைச் சத்தமாக வைத்துப் படுத்துப் பார்த்தேன். காலை நிகழ்ச்சி முடிந்து அது ஓய்ந்ததும் அலறினேன். வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் மதிக்காதவர்கள் வீட்டு வாசலில் நின்று சண்டை போடச் சொல்லிக் கேட்டேன்.

புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிய பார்வை. அவள்தான் பதில் சொன்னாள்.

"எப்பிடிங்க போடறது? அக்கா இல்லியே."

"அவ இல்லாததுக்கும் ஒங்க சண்டைக்கும் என்ன சம்பந்தம்?"

"அக்காதானங்க வந்து வெலக்கி வுடும்? தெனமும் வரும். அது வந்துடும்னுதான் நாங்க தைரியமா ஆரம்பிப்போம். அன்னிக்கி வெலக்க ஆளு இல்ல, பாத்தீங்க இல்ல, இவரு மண்டையே போயிருக்கும். இப்ப வாயத் தொறக்கவே பயமா இருக்குதுங்க."

எனக்குத் தெரியாது. பத்து வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், என் மனைவி தினமும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் சண்டை தீர்த்துவிட்டு வந்தது எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கருவாட்டுக் குழம்புக்காரிக்கு என் மனைவியைப் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதில் வயிறு எரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பெரிய பரீட்சை முடிந்தது. மைத்துனர் சொன்ன வாக்குத் தவறாமல் ஒரு காலிப் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க படுங்க மாப்ள" என்றார். எடை போடத் தராசைத் தூக்கிப் பிடித்தவர் முகம். மகள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சமையலறைக்குள் போய்விட்டாள். அலறக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு தூங்க யாரால் முடியும்? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தெரு வழக்கம்போல மரியாதையாகச் செத்துக் கிடந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

பிறகு நடந்ததை மைத்துனர் சொல்லித்தான் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் அவருக்குக் காபி கொண்டுவந்திருக்கிறாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பொம்பளை இல்லாத வீட்டில் பிள்ளை வளர்ந்தால் கண்ட வீட்டில் படுத்து, கண்டதைத் தின்றுதான் வளரும் என்று சொல்லியிருக்கிறார். அவள் வாசலில் நின்ற புருஷனைப் பார்த்திருக்கிறாள். அந்தப் புத்திசாலி, "சார் சொல்றதும் ஞாயந்தானே" என்று தலையாட்டியிருக்கிறான்.

அவ்வளவுதான். மாதக்கணக்கில் அடக்கிவைத்த சண்டை. கண்ட வீடா என் வூடு என்று ஆரம்பித்து, மோதிரம், தம்பி, மாமியார் எல்லாம் தெருவுக்கு வந்திருக்கிறது. விலக்கப்போன என் மைத்துனருக்குச் சட்டைப் பை கிழிந்து, முழங்கையில் கரண்டியடி. பிளாக் முழுக்க வாசலுக்கு வந்து, துண்டு தொங்குகிற வீட்டைக் காட்டி உஷ் உஷ் என்று அதட்ட, அதுவே தனி இரைச்சலாகியிருக்கிறது. கோயமுத்தூர்காரர் எல்லோரையும்விடச் சத்தமாக அமைதி அமைதி என்று கத்தினாராம்.

நான் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தேன். மைத்துனர் கிழிந்த சட்டையோடு அதே நாற்காலியில் இருந்தார். பெட்டி திறந்தபடி, காலியாகவே கிடந்தது.

"அந்தச் சத்தத்துலயும் தூங்குனீங்களே மாப்ள" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "கடைசியில வெலக்கி விட்டது பாப்பாதான். நடுவுல போயி நின்னா. என் தங்கச்சி நிப்பாளே, இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு, அதே மாதிரி. ஒரே ஒரு வார்த்தை சொன்னா. ரெண்டு பேரும் கப்புன்னு அடங்கிட்டாங்க."

உரக்கடை முதலாளி குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவரைப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் அழுதேன். அவள் செத்ததிலிருந்து முழித்திருக்கும்போது நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவர் அன்று மாலையே காலிப் பெட்டியோடு பஸ் ஏறினார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கும்போது மகளிடம் அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டேன்.

"அம்மா தெனமும் சொல்றதுதாம்ப்பா. 'போதும், மீதிய நாளைக்கு வச்சுக்கங்க.'"

மறுநாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது வெள்ளைத் துண்டு கேட்டில் மறுபடி தொங்கியது. எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். தலையணையைத் தூக்கி ஸ்பேனரை வெளியே எறிந்தேன். மகள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படுத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் அங்கே மீதியை ஆரம்பித்தார்கள்.