எண்ணெய் பட்ட கயிறு

அந்தக் கார் வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஆகாது. என் புருஷனுக்கு அது பெற்ற பிள்ளை. மாரி வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் இறுகிய பிறகாவது விற்றுத் தொலைப்பார் என்று நினைத்தேன். மனுஷன் வாழைச்சேனையில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

"வீட்டிலயே மாத்திப்போடலாம். கராஜுக்கு என்னத்துக்குக் குடுக்கிற?" என்றார்.

துணைக்கு என் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வாவியில் வலை வீசுகிறவன். அவனுடைய வலதுகையை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"கை பத்திரம்டா," என்றேன்.

"நீ போய்த் தேத்தண்ணி போடு கா," என்று சிரித்தான்.

வேப்பமரக் கொப்பில் பாரம் தூக்கும் செயின் புளொக்கைத் தொங்கவிட்டார்கள். அது இரவல். எஞ்சினைச் சுற்றிக் கட்டும் சங்கிலி அதோடு வரவில்லை. தம்பி தோணியிலிருந்து நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்தான்.

"இது என்ட முடிச்சு அத்தான். புயலுக்கே அவிழாது."

பழைய எஞ்சின் அந்தக் கயிற்றில்தான் வெளியே வந்தது. வரும்போது கறுத்த எண்ணெய் வழிந்து கயிறெல்லாம் ஊறியது. தம்பி அதைச் சாரத்தால் ஒருதரம் துடைத்துவிட்டு மற்ற எஞ்சினைக் கட்டினான். தோணிக்காரனுக்கு நனைந்த முடிச்சு என்றால் இறுகும் முடிச்சு. எண்ணெயில் நனைவது வேறு என்று அங்கே யாருக்குத் தோன்றியது? எனக்கும் தோன்றவில்லை.

எஞ்சின் காருக்குள் இறங்கும்போது தம்பி வலதுகையை உள்ளே விட்டு அதை நேராக்கிக்கொண்டிருந்தான். முடிச்சு வழுக்கி எஞ்சின் கைமேல் இறங்கியது. பெரிதாகச் சத்தம் இல்லை. அவன் கத்தவுமில்லை.

"அத்தான், தூக்குங்க," என்று மட்டும் சொன்னான்.

என் புருஷன் கார் ஜக்கை வைத்து எஞ்சினைத் தூக்குவதற்குள் அவன் முகம் வெளிறிப்போனது. ஏற்றிக்கொண்டு போவதற்கு வாசலில் கார் நின்றது, ஓட எஞ்சின் இல்லை. பக்கத்து வீட்டு ஓட்டோ வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காரைத் திட்டித் தீர்த்தேன். ஆசுபத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

பிறகு ஒரு மெக்கானிக் வந்து எஞ்சினைப் பூட்டிவிட்டுப் போனார். பாழாய்ப்போன கார் நன்றாக ஓடுமாம். என் புருஷன் அதில் ஏறவேயில்லை. விற்பதற்கு ஆள் பார்த்தார். அதைக் கேள்விப்பட்டுத் தம்பி வந்தான். வலையை அவன் ஏற்கெனவே விற்றிருந்தான்.

"காரை விக்க வேணாம் அத்தான்," என்றான். "வித்தா, மறுகா என்ட விரல் என்னத்துக்குப் போன?"

என் புருஷன் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

தம்பி கதவைத் திறந்து சாரதி இருக்கையில் உட்கார்ந்தான். சாவி போடும் இடம் வலப்பக்கம். இடதுகையைக் குறுக்கே கொண்டுபோய்த் திருப்பினான். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.