மூச்சை அழித்த ஞாயிறு

என் தங்கையின் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர் நாள் குறித்தபோது எங்கள் கையில் பதினொரு நாள்கள் இருந்தன. தைராய்டில் திரண்டிருந்த கட்டி தீங்கற்றதுதான். ஆனால், குரல்வளைக்குச் செல்லும் நரம்பை ஒட்டி அது வளர்ந்திருந்தது. குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று அவர் ஒரு முறைதான் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேரும் வரை பேருந்தின் இரைச்சலுக்குள்ளும் எனக்கு அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரச்சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. பிறர் செய்த பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள் நான். சிறு வயதில் இருவரும் ஒன்றாகத்தான் பாட்டுக் கற்றோம். நான் பாதியில் நிறுத்திவிட்டேன், அவள் நிறுத்தவில்லை. என்னுடைய சொற்களுக்கு அவள் மெட்டமைத்த எட்டுப் பாடல்கள் எங்களிடம் இருந்தன. அறுவைக்கு முன்பே அவற்றை அவள் குரலில் பதிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். பெரிய பதிவுக்கூடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஆகையால், வீட்டின் உள்ளறையே பதிவுக்கூடமாயிற்று.

கருவி என் சக ஊழியர் ஒருவருடையது. கோலார் தங்கவயலிலிருந்து அன்றாடம் ரயிலேறி வேலைக்கு வருபவர். தேவாலயத்தில் கிடார் வாசிப்பவர். சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த நான்கு தடப் பதிவுக் கருவி அவரிடம் இருந்தது. சாதாரணக் கேசட்டில் நான்கு ஒலிகளை நான்கு தனித்தனித் தடங்களில் பதியலாம். பிறகு ஒவ்வொன்றையும் வேண்டிய அளவு கூட்டியும் குறைத்தும் ஒன்றாகக் கலக்கலாம். முதல் தடத்தில் அவருடைய கிடார், இரண்டில் கீபோர்டு, மூன்றில் தாளம், நான்கில் தங்கை.

முன்பே ஒரு பாடலைச் சாதாரண டேப்ரிக்கார்டரில் பதிந்து, பேட்டைக் கடைத்தெருவில் கேசட் வெளியிடும் ஒருவரிடம் போட்டுக் காட்டியிருந்தோம். அவர் பாதி கேட்டுவிட்டு நிறுத்தி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"சாங் சென்னாகிதே, நல்லாருக்கு மேடம். வாய்ஸ் கூட சூப்பர். ஆனா வீட்ல பண்ணதுன்னு தெரியுது. மூச்சு வாங்கறதெல்லாம் கேக்குது நோடி."

அவருடைய அந்தக் கடைசி வாக்கியம் என்னை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சன்னல்களில் மெத்தைகளைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, பழைய மதராஸ் சாலையில் லாரிகள் ஓயும் பிற்பகல்களில் பதிந்தோம். ஒவ்வொரு பாடலையும் அவள் ஒரே ஒரு முறைதான் பாடினாள்.

"சேஃப்டிக்கு இன்னொரு தபா பாடி வெச்சிக்கலாமே மேடம்" என்று கிடார்காரர் என்னிடம் கேட்டார்.

"இன்னொரு தடவை பாடினா அது வேற பாட்டாயிடும்" என்று தங்கை பதில் சொன்னாள்.

உண்மைதான். ஒரே அடியை இரண்டு முறை ஒரே மாதிரி பாடுவதைத் தன் கற்பனைக்கே இழுக்கு என்று கருதுபவள் அவள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். கிடார்காரர் சிரிக்கவில்லை.

அறுவை முடிந்து அவள் மருத்துவமனையில் படுத்திருந்த வாரத்தில், பார்த்துவிட்டு வந்த மாலைகளிலெல்லாம் நான் தடங்களைக் கலக்க அமர்ந்தேன். ஒலியின் அடிப்பகுதியைக் குறைத்தபோது சாலையின் உறுமல் மறைந்தது. குரலுக்குக் கூடத்தின் எதிரொலி வேண்டுமென்று, தண்ணீர் வராத நாளில் காலியாகக் கிடந்த சம்ப்புக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் மைக்கையும் நானும் கிடார்காரரும் கயிறு கட்டி இறக்கினோம். தரைக்கடியிலிருந்த அந்தச் சிமெண்டுத் தொட்டி ஒரு பெரிய மண்டபத்தைப் போல ஒலித்தது. எல்லாம் கூடி வந்தது. ஆனால், சுற்றியிருந்த ஓசைகள் அடங்க அடங்க, அவளுடைய மூச்சுகள் தெளிவாகக் கேட்கத் தொடங்கின.

மூச்சை அழிப்பது எளிது. மைக்கின் அளவைச் சுழியத்தில் வைத்துவிட்டு, நான்காம் தடத்தை மட்டும் பதிவுக்குத் திறந்துவைக்க வேண்டும். மூச்சு வரும் கணத்தில், கருவியோடு இணைத்த காலடிக் கட்டையை அழுத்தினால் அதன்மேல் மௌனம் பதியும். கட்டையை விடுவித்தால் பதிவு நிற்கும். முதல் இரண்டு பாடல்களில் முப்பதுக்கும் மேற்பட்ட மூச்சுகளை இவ்வாறு துடைத்தெடுத்தேன். பிசிறின்றி அமைந்தது. என் வேலையை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

தங்கை சனிக்கிழமை வீடு திரும்பினாள். கழுத்தில் கட்டு, சில நாள்களுக்கு வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு. வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். மறுநாள் காலை அவள் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் பாடலை எடுத்தேன். கிடார்காரர் அருகில் இருந்தார்.

'மழை நின்ற தெருவெங்கும் மாடத்து விளக்கேற்றி' என்பது அதன் சரண அடி. பாட்டுக்குள்ளேயே அந்த அடியை அவள் இரண்டு முறை பாடியிருந்தாள். முதல் முறை மத்திய ஸ்தாயியில். இரண்டாம் முறை 'மாடத்து' என்னும் சொல்லில் தாவி மேல் சட்ஜமத்தைத் தொட்டு நிற்பாள். அந்தத் தாவலுக்கு முன்னால் நீண்ட மூச்சு ஒன்று இருந்தது. இடக்கையால் தொடையில் தாளம் போட்டபடி, காலைக் கட்டையின்மேல் வைத்துக் காத்திருந்தேன். பாட்டுக் கற்றவளின் பழக்கம் அது: காதைவிடக் கையை நம்புவது. தாளப்படி அந்தச் சொல் எங்கே விழ வேண்டுமோ, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் கட்டையை விடுவித்தேன்.

அவளோ, பாட்டின் வேகத்தில், அரை அட்சரம் முன்னதாகவே எடுத்திருந்தாள்.

ஹெட்போனில் "தெருவெங்கும்" கேட்டது. பிறகு கிடார் மட்டும் தனியே ஏறிற்று. பிறகு "விளக்கேற்றி". இடையில் ஒன்றுமில்லை. நாடாவைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன். மறுபடியும் ஓட்டினேன். எத்தனை முறை ஓட்டினாலும் அழிந்தது அழிந்ததுதான் என்பது எனக்குத் தெரியாததா?

கிடார்காரர் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தாமும் கேட்டார்.

"இன்னா மேடம் பண்ணீங்க?"

"மெதுவா பேசுங்க. அவ தூங்கறா."

"மொதல் வாட்டி பாடினாங்களே, அதே வார்த்தைய எடுத்து இங்க ஒட்டலாமா?"

"அது கீழ இருக்கு. இங்க உங்க கிடார் மேல போயிடுச்சு. ஒட்டாது."

"அப்ப அந்த எடத்துல கிடாரே பாடட்டும். ஜனங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சொல்லில்லாத அடிய வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

"மூச்சு விடாத மனுசி யாரு மேடம் கீறாங்க இந்த ஊர்ல? சும்னே இருந்திருக்கலாம் நீங்க!" என்று அவர் குரலைத் தாழ்த்தியே சீறினார்.

அடுத்த அறையில் கட்டில் அசையும் ஓசை கேட்டது. தங்கை கதவருகே வந்து நின்று, குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினாள். 'எப்படி வருது?'

"நல்லா வருது" என்றேன்.

அதன் பின் வந்த நாள்களை நான் எண்ணிப் பார்க்க விரும்புவதில்லை. மூன்றாவது பாட்டு எங்கே என்று அவள் எழுதிக் காட்டினாள். கிடாரின் அளவு சரியில்லை, திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதினாள். கருவியில் கோளாறு என்றேன். பேச முடியாதவளிடம் பொய் சொல்வதைப் போல இழிவானது வேறில்லை. குறுக்குக் கேள்வி கேட்பதற்கும் அவள் பென்சிலைத் தேட வேண்டியிருந்தது. கட்டுப் பிரித்தபின், ஒரு பக்க நரம்பு மந்தமாக இருக்கிறது, நாளாக ஆகத் தெளியலாம் என்றார் மருத்துவர். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள், உமியில் காற்று அடிப்பதைப் போலக் கரகரத்தன. மேல் சட்ஜமம் இனி அந்தத் தொண்டையில் எழுமா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அது இருந்த ஒரே இடத்தை நான் துடைத்திருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் கருவியின் முன்னால் அமர்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

"இத ஏன்க்கா ஒளிச்சு வெச்ச?"

"ஒளிக்கல."

"பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருந்தியே, அதுக்குப் பேர் என்ன? வரிசையா அடுக்கறதா?"

"ஒரு சொல்லு போயிடுச்சு. நான்தான் அழிச்சேன். தெரியாம."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதக் கேட்டேன். மொத ரெண்டு பாட்டுல நான் எங்க மூச்சு விடறேன்?"

"எடுத்துட்டேன். அந்தக் கேசட்காரர் சொன்னாரில்ல…"

"பாடறேன், பாடறேன், மூச்சே விடாம பாடிட்டே இருக்கேன். கேக்கறப்ப எனக்கு நெஞ்ச அடைக்குது. பொணம் பாடற மாதிரி இருக்குக்கா."

அவளுடைய கரகரத்த குரலுக்கு அந்தச் சொற்களே பெரும் பாரமாக இருந்தன. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "சரி, அந்த மாடத்துக்கு என்ன பண்ணப் போற?" என்றாள்.

பதில் கிடார்காரரிடமிருந்து வந்தது. ஆறாவது வாரத்தில், மெல்லப் பாடிப் பார்க்கலாம் என்று மருத்துவர் இசைந்த பிறகு, ஒரு ஞாயிறு காலை அவர் தங்கவயலிலிருந்து வந்து சேர்ந்தார். கருவியின் ஓரத்திலிருந்த சிறிய குமிழ் ஒன்றைக் காட்டினார்.

"இதத் திருப்பினா டேப்பு கொஞ்சம் மெதுவா ஓடும். மெதுவா ஓடினா சுதி எறங்கும். எறங்கின சுதில இவங்க பாடட்டும். அப்பறம் பழைய ஸ்பீடுக்கு வந்தா குரல் தானா மேல ஏறிடும். டிராமால எலிக்குரல் பண்றாங்களே, அதே வேலைதான்."

"ரொம்ப தேங்க்ஸ். எலின்னு சொன்னதுக்கு" என்றாள் தங்கை.

"ஐயோ, நான் டேப்ப சொன்னேங்க!"

அன்று அந்த அறையில் எழுந்த ஒரே சிரிப்பு அது. குமிழைத் திருப்பியதும் ஐந்தரைக் கட்டைச் சுருதியிலிருந்த பாடல் ஐந்துக்கும் சற்றுக் கீழே இறங்கித் தூக்கக் கலக்கத்தில் பாடுவதைப் போல ஓடியது. அங்கும் அந்தத் தாவல் அவளுக்கு எட்டுமா என்பது தெரியாது. எட்டினாலும், கட்டையை விடுவிக்கும் கணம் பிசகினால் அடுத்து நிற்கும் "விளக்கேற்றி"யும் போய்விடும். நான் வழக்கம்போல் காலைக் கட்டையருகே நகர்த்தினேன்.

"நீ வேணாம். நானே அழுத்தறேன்" என்றாள். கட்டையைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டேன். தாளம்கூடப் போடவில்லை. முதல் முறை மேலே செல்லும்போது குரல் இரண்டாக உடைந்தது. கழுத்துத் தழும்பு சிவந்து துடிப்பது எனக்குத் தெரிந்தது. "போதும், நிறுத்திக்கலாம்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை சொல் வந்தது. ஆனால், கட்டையை விடுவிக்கச் சற்றுத் தாமதமாயிற்று. நாடாவைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்கும் வரை எங்கள் மூவருக்கும் மூச்சு நின்றிருந்தது. "விளக்கேற்றி"யின் முதல் எழுத்து நுனி மழுங்கியும் தப்பித்திருந்தது. கிடார்காரர் நெற்றியில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.

அவளுக்கு அது நிறைவளிக்கவில்லை. மூன்றாம் முறை அவள் கண்களை மூடிக்கொண்டு, அரை அட்சரம் முன்னதாகவே எடுத்தாள்.

வேகத்தைப் பழையபடி வைத்துப் போட்டுக் கேட்டோம். சொல் தன் இடத்தில் நின்றது. குரல் சற்றே மெலிந்து, வயதில் இளைய ஒருத்தியுடையதைப் போல இருந்தது. மற்றவர்க்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது.

"யாரோ பாடற மாதிரி இருக்கு" என்றாள் அவள். "இருக்கட்டும்."

இன்னும் ஒரு முறை முயன்றால் இதைவிடப் பொருந்தும் என்று என் நாவின் நுனி வரை வந்தது. பிழை தேடும் கண் எனக்கு. அவள் அதைப் படித்துவிட்டாள் போலும். கேசட்டை வெளியே எடுத்தாள். புடவைத் தலைப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் கேசட்டின் விளிம்பிலிருந்த சிறு பிளாஸ்டிக் பல்லை நெம்பி உடைத்தாள். அந்தப் பல் இல்லாத கேசட்டில் எந்தக் கருவியாலும் புதிதாகப் பதிய முடியாது, அழிக்கவும் முடியாது.

"இனிமே நீ கூட்டு, குறை. எதையும் எடுக்காத."

அன்றிரவுக்குள் ஆறு பாடல்களைக் கலந்து முடித்தேன், அத்தனை மூச்சுகளோடும். முதல் இரண்டு பாடல்களை அவள் சேர்க்கவிடவில்லை. அவற்றில்தான் அவளுடைய பழைய குரல் மிக அழகாக ஒலித்தது என்று வாதாடிப் பார்த்தேன். "அது என் குரல்தான், நான் இல்ல" என்று முடித்துவிட்டாள். எட்டுக்குக் குறைந்தால் வெளியிட முடியாது என்றார் கேசட்காரர். ஆகவே, கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டிலேயே பிரதியெடுத்துக் கொடுத்தோம். அதன் இரண்டாம் பக்கம் பாதியிலேயே முடிந்துவிடும். எஞ்சிய நாடா வெறுமனே ஓடும்.