வலி போன கால்

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது என் வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்தேன். என்னிடம் கேன் வாங்கும் ஒரு சார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்திலிருந்து ஈ.சி.ஆர். ரோட்டில் ஓடுகிறவர். கூட ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

"கேனைத் தூக்கிட்டு மாடி ஏறுறீங்களே அண்ணா, உங்களுக்கு ஓட்டம் எல்லாம் ஒரு விஷயமா? வாங்க" என்றார்.

போனேன். பிடித்துவிட்டது. என் மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் கோவளத்தில் கடலுக்குப் போகிறவன். வெறுங்காலில்தான் ஓடுவான்.

எனக்குத் தட்டைப் பாதம். ஓடினால் கணுக்கால் உள்பக்கம் சாயும். அதனால் முட்டியில் வலி. பாதத்தில் எரிச்சல் வேறு. அது ஓடுவதற்கு முன்னாலேயே இருந்தது. படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். ஈரத்துணி சுற்றிக்கொண்டு தூங்குவேன்.

சார் என்னை ஒரு பெரிய ஷூ கடைக்கு அழைத்துப் போனார். அங்கே ஓடுகிற மெஷினில் ஏற்றிவிட்டு, பின்னாலிருந்து காலைப் போனில் படம் பிடித்துக் காட்டினார்கள். பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே மடிந்தது. கல்யாண நாற்காலியில் ஒரு கால் ஆடுமே, அது போல. ஸ்டெபிலிட்டி ஷூ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். உள்பக்கம் அடிப்பாகம் கெட்டியாக இருக்கும். கால் சாயாமல் முட்டுக் கொடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விலையைக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "கால்ல மாட்டறதுக்கா இவ்ளோ டப்பு? தலமேல வெச்சிகினு ஓடு."

ஷூ வேலை செய்தது. முதலில் முட்டி வலி நின்றது. போகப்போகப் பாத எரிச்சலும் நின்றது. ஈரத்துணி இல்லாமல் தூங்கினேன். எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

ஓடி முடித்ததும் கோவளம் டீக்கடையில் எல்லோரும் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து வைப்போம். யாருடையது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜாதகம் பார்க்கிற மாதிரி. என்னுடையதைப் போலவே ஷூ வாங்கிய ஒரு அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. உள்ளே கட்டையாகக் குத்துகிறது என்று விட்டுவிட்டார். இன்னொருவருக்கு முட்டி சரியாகி இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். வலி போச்சு. என் பேச்சை நம்பி, முட்டி வலி இருந்த சாரும் அதையே வாங்கினார். அவருக்கும் வலி போச்சு.

மச்சானுக்கு மட்டும் சிரிப்பு. "இது ஷூவா இன்னாது? காலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு வெச்சிகிறான். எனுக்குப் பாரு, கால்லயே கண்ணு கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தை வரை போய்த் திரும்பினோம். நன்றாக ஓடினேன். சாரே சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டு, ஒரு கையால் ஷூவை இழுத்தேன். வலது கால் ஷூ வரவில்லை.

"குடு" என்று மச்சான் குனிந்து இழுத்தான். வந்தது.

"இன்னா மச்சான், சாக்ஸு செவப்பா கீது?"

வெள்ளை சாக்ஸ். குதிகால் வரை ஊறிப் போயிருந்தது. மச்சான் ஷூவுக்குள் கையை விட்டான். "ஆ" என்று அலறி உதறினான். அவன் விரலிலும் ரத்தம். ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஆணித் தலை. நீள ஆணி. ஷூவைத் துளைத்துக்கொண்டு மேலே போய் என் பாதத்தில் ஏறியிருக்கிறது.

எங்கே ஏறியது, தெரியாது. எவ்வளவு தூரம் அதன் மேல் ஓடினேன், தெரியாது. விரல் நுனியில் லேசாகக் குத்தியதற்கு மச்சான் கத்துகிறான். நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான்தான் சமாளித்தான். "எங்க மச்சான் இரும்பு சார். ஆணிதான் வளைஞ்சிருக்கும், பாருங்க." ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே புண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலுக்குப் பாதம் தெரிந்தது. பாதத்துக்கு விரல் தெரியவில்லை.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

சார் காரில் கேளம்பாக்கத்துக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மச்சானும் வந்தான். டாக்டர் பெண். புண்ணைக் கிளறிக் கழுவினார். நான் வேடிக்கை பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

"சுகர் எல்லாம் இல்லம்மா. நான் ஓட்றவன்."

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மெஷினில் வைத்தார். பார்த்தார். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தார்.

"இது நேத்து வந்தது இல்லைங்க. பல வருஷமா இருந்திருக்கு. கால் எரிச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஷூ போட்டேன், பூட்ச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "முட்டி வலி ஷூவால போயிருக்கும். எரிச்சல் ஷூவால போகல. எரிச்சலைச் சொல்ற நரம்பு செத்துப்போச்சு."

எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், வலி போச்சு என்று.

பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார், தெரிந்தால் சொல்ல வேண்டும். கணுக்கால் பக்கம் தெரிந்தது. சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. டாக்டர் ஏதோ எழுதுகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது மச்சான் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் சொன்னது இதுதான். புண் ஆற வேண்டும். சீழ் வைத்து மேலே ஏறினால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டி வரும். ஆறிவிட்டால், சர்க்கரை இறங்கினால், சிலருக்குக் கொஞ்சம் உணர்ச்சி திரும்பும். திரும்பினால் ஓடுவதைப் பற்றிப் பேசலாம். திரும்பாவிட்டால் இல்லை.

இரண்டு நாள் கழித்து சார் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணா, எனக்கும் அதே ஷூ போட்டுத்தானே வலி போச்சு? எனக்கும் அப்படி இருக்குமோ?"

"ஒரு ஊசி எடுத்து கால்ல குத்துங்க சார்."

டிராயரை இழுத்துத் தேடுவது கேட்டது. பிறகு "அம்மா" என்று ஒரு சத்தம்.

"வலிக்குதா சார்?"

"வலிக்குது அண்ணா."

"அப்ப ஒங்களுக்கு ஷூதான் சார்."

போனை வைத்தேன். அவர் அம்மா என்றது காதிலேயே இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வலிக்குப் பொறாமை.

புண் ஆறியது. மெதுவாக ஆறியது. மனைவிதான் கட்டுப் போட்டாள். மீன் விற்றுவிட்டு வந்து, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவாள். மாத்திரை தவறவில்லை. சோறு பாதியாகக் குறைந்தது. சர்க்கரையும் இறங்கியது.

போன வாரம் அவளே தம்பியிடமிருந்து வலை பின்னும் தங்கூசி என்கிற நைலான் நரம்பில் ஒரு துண்டு வாங்கி வந்தாள். "டாக்டரம்மா இன்னா செஞ்சாங்களோ, அத்த நான் செய்றேன். கண்ண மூடு" என்றாள்.

மூடினேன். காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தெரிந்தது. "ம்" என்றேன்.

மறுபடி தெரிந்தது. "ம்."

கட்டை விரல் பக்கமா, குதிகால் பக்கமா, அது புரியவில்லை. ஆனால் தொடும்போதெல்லாம் தெரிந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல். சும்மா ஒருமுறை கையை அசைத்தாள். வளையல் சிணுங்கியது. என் வாய் தானாக "ம்" என்றது.

வளையல்களைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"இப்ப மூடு."

மூடினேன். தெருவில் பால் வண்டி போனது. பக்கத்து வீட்டில் டி.வி. ஓடியது. காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்தேன்.

"தொடு" என்றேன்.

"தொட்டுகினுதான்யா கீறேன்" என்றாள்.