வழி கேட்டால் புள்ளி போகும்

"கம்பாஸ் வச்சுக்கிட்டு எங்கக்கா போகப் போறோம்? ஸ்கூல் கேட்டுக்கு வழி எங்களுக்கே தெரியுமே."

ஸ்ரீரங்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படிக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தச் சாரணியர் படைக்கு நான் பொறுப்பேற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வேலை துவாக்குடியில், வீடு கே.கே. நகரில், வாரத்தில் அரை நாள் இவர்களோடு. சம்பளம் கிடையாது, சீருடையும் விசிலும் உண்டு. முடிச்சு போட, கட்டுக்கட்ட, திசை பார்க்க என்று நானும் ஏதேதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், எல்லாம் பள்ளி மதிலுக்குள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் என்று மடமடவென்று ஒப்பிப்பார்கள். இரண்டில் ஒன்றின் கரைக்காவது தானாக நடந்துபோனவள் அவர்களில் ஒருத்தியும் இல்லை. வீட்டு வாசலில் வேன், பள்ளி வாசலில் வேன்.

அன்று திரும்பும்போது காவிரிப் பாலத்தின் மேல் பஸ் வழக்கம்போல் நின்று நின்று நகர்ந்தது. மேற்கே ஆற்றைப் பார்த்தபடியே தோழிக்குக் குரல் செய்தி அனுப்பினேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், நான் நச்சரித்ததால் படைக்கு உதவியாக வந்தவள். முத்தரசநல்லூரில் பிள்ளைகளை இறக்கிவிடுவோம், ஜீயபுரம் வரை வாய்க்கால் கரையோடு நடக்கட்டும், நாம் முன்னாலேயே போய்க் கல்லால் அம்புக்குறி வைத்துவிடுவோம், பெரியவர்கள் யாரும் கூடப் போகக் கூடாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவளிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "கடைசியா சொன்னத மட்டும் பெத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு."

சொன்னேன். தலைமையாசிரியை முன்னிலையில், அம்மாக்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த வகுப்பறையில். தலைமையாசிரியை எதிர்க்கவில்லை. ஆனால் இது நல்லபடியாக முடிந்தால்தான் நான் வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த இரவு முகாமைப் பற்றிப் பேசலாம், ஒரு பிள்ளைக்கு ஏதாவது என்றால் அதன்பின் படை மைதானத்தை விட்டு வெளியே கால் வைக்காது என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அம்மாக்களின் கேள்விகள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியவை. வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது, படித்துறை வழுக்குமா, பாம்பு உண்டா. கம்பாஸ் கேள்வி கேட்டவளின் அம்மா மட்டும் வேறொன்று கேட்டார். அவர் தனியார் மருத்துவமனையில் நர்ஸ், கணவர் துபாயில்.

"போன் இல்லாம எப்படிங்க?"

போன் கையில் இருந்தால் மேப்பைத் திறப்பார்கள், அதன்பின் அது நடை இல்லை என்றேன். அடையாளம் தவறிவிட்டால் தேடிக்கொண்டு போகக் கூடாது, கடைசியாகப் பார்த்த அடையாளத்திலேயே நிற்க வேண்டும், நான் வந்து சேர்வேன் என்பதையும் விளக்கினேன்.

"நிக்கச் சொன்னா நிப்பா," என்றார். "எனக்குப் பயமே அதுதான்."

எனக்கு அது புரியவில்லை. புரிந்தமாதிரி தலையாட்டினேன்.

மூன்று அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி. அம்புக்குறியைச் சரியாகப் படித்தால் புள்ளி, வழியில் கண்ட பறவையைச் சொன்னால் புள்ளி, யாரிடமாவது வழி கேட்டால் புள்ளி போகும். நிறையப் புள்ளி எடுக்கும் அணி அடுத்த மாதம் முழுக்கப் படையின் கொடியைப் பிடிக்கும். கேட்பவர்களுக்கு அது ஒரு துணி. என் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

நடை நாளன்று விடிந்ததும் நானும் தோழியும் கரையோடு நடந்து அடையாளம் வைத்தோம். இரு பக்கமும் வாழை, நடுவே நுரைத்துக்கொண்டு வாய்க்கால். கல்லில் சுண்ணாம்பு தடவி அம்பு வடிவில் அடுக்கினோம். கரை இரண்டாகப் பிரியும் ஓர் இடம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு கிளை ஜீயபுரம் போகும், மற்றது ரயில் பாதையைப் பார்க்கத் திரும்பும். அங்கே மட்டும், காலால் தட்டினாலும் நகராதபடி, நல்ல கனமான கல்லாகத் தேடி வைத்தேன். வைத்துவிட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு தோழி முத்தரசநல்லூரில் அணிகளை இடைவெளி விட்டு அனுப்பிவிட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நான் ஜீயபுரத்தில் அவளுடைய பெரியப்பாவின் மோட்டார் கொட்டகையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களோடு காத்திருந்தேன். முதல் அணி பாடிக்கொண்டே வந்தது. இரண்டாவது அணி சண்டை போட்டுக்கொண்டே வந்தது. மூன்றாவது வரவில்லை. கம்பாஸ் பெண் தலைமை ஏற்ற அணி.

கொஞ்ச நேரம் வாட்சைப் பார்க்காமல் இருந்து பார்த்தேன். பிறகு வாட்சை மட்டுமே பார்த்தேன். பெரியப்பா என் முகத்தைக் கவனித்துவிட்டு, "மூணாவது அணின்னாலே நம்ம ஊர்ல கரை சேராதும்மா, எலக்‌ஷன்ல பாக்கல?" என்றார். தோழி சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன். மோட்டார் ஓடும் சத்தத்துக்கு அடியில் வாய்க்கால் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. அதுவரை அது கேட்கவே இல்லை.

கம்பாஸ் பெண்ணின் அம்மாவுக்குச் சொல்வதா, தேடிவிட்டுச் சொல்வதா? தோழி, முதலில் போய்ப் பார், இருந்தால் எதற்குக் கலவரம் என்றாள். இல்லாவிட்டால்? போனை எடுத்து அழைத்தேன்.

"மத்த ரெண்டு அணியும் வந்துட்டாங்க. உங்க பொண்ணோட அணி மட்டும் இன்னும் வரலைங்க. நான் தேடிக்கிட்டுப் போறேன்."

யார் கடைசியாகப் பார்த்தார்கள், எங்கே, என்று வார்டில் கேட்பதுபோல் கேட்டார். தன் குரலை நடுங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "நான் கிளம்பி வரேங்க," என்றார்.

பிள்ளைகளைத் தோழியிடம் விட்டுவிட்டுக் கரையோடு திரும்பி ஓடினேன். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. விசிலை ஊதினால் பம்புசெட் சத்தம் அதைத் தின்றது. தண்ணீரில் ஏதோ நீலமாக மிதந்து ஒரு வேர் மேல் தட்டி நின்றது. எங்கள் சீருடையின் நீலம். அருகில் போய்ப் பார்த்தேன். உரச் சாக்கு. அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தலைமையாசிரியை, முகாம் எதுவும் அப்போது நினைவில் இல்லை. யாரிடமும் வழி கேட்காதே என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

கரை பிரியும் இடத்தில் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை வண்டி நின்றது. பக்கத்தில் நிழலில், வரிசையாக, என் பிள்ளைகள். அவர்களுக்குப் பத்தடி பின்னால், கரை பிரிவதற்கு முந்திய அம்புக்குறியின் மேல், அணித் தலைவி காவல் தெய்வம்போல் நின்றுகொண்டிருந்தாள்.

தார் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார். "உங்க புள்ளைங்களாம்மா? நல்லா வளத்து வச்சிருக்கீங்க. வழி சொல்றேன்னா எல்லாம் காதைப் பொத்திக்குதுங்க. பழம் குடுத்தா மட்டும் கை நீளுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. வண்டியின் பின் சக்கரத்தைக் காட்டினாள். இரண்டாவது அணி போனபின் வந்து நின்ற வண்டி சரிவில் உருளாமலிருக்க அண்டை கொடுத்திருந்தது என்னுடைய கற்கள்தான். நான் தேடித்தேடி வைத்த கனமான கற்கள். சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது.

"நம்ம கல்லுன்னு தெரிஞ்சிருச்சுக்கா. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் காட்டிச்சுன்னு தெரியல. நிக்கச் சொன்னீங்க, நின்னோம்."

"அவர்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா புள்ளி போயிருமே." பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள். "பஸ் ஹாரன் கேக்குது பாருங்க. ரோடு அங்கதான் இருக்கு. நாங்க தொலையலக்கா."

கொட்டகைக்குத் திரும்பினபோது அம்மா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார், மருத்துவமனைச் சீருடையோடு. மகளின் முகத்தையும் காலையும் பார்த்தார். கட்டிக்கொள்ளவில்லை, திட்டவில்லை. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். என்னிடம், அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றார். கூட்டிப்போனேன். வழியெல்லாம் நான் என்னென்னவோ விளக்கினேன். வண்டி போய்விட்டிருந்தது. கற்கள் தாறுமாறாகக் கிடந்தன. இரண்டு கிளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க நின்ன எடத்துல வந்து நின்னா எந்தப் பக்கம்னு எனக்கும்தாங்க தெரியல," என்றார். "நீங்க போன் பண்ணாம இருந்து, எனக்கு அப்புறமா தெரிஞ்சிருந்தா, இன்னியோட இவளைப் படையில இருந்து நிறுத்தியிருப்பேன். இப்ப நிறுத்தல. ஆனா முகாமுக்குச் சரின்னு இன்னும் சொல்லல. அடுத்த தடவை இதுங்க அடையாளம் வைக்கட்டும். அம்மாங்க நாங்க நடந்து பாக்குறோம். அதுக்கப்புறம் சொல்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடியது. நடக்கிறோம் என்று பாதிப் பேர், முட்டி வலி என்று சிலர், வெயில் என்று சிலர். தலைமையாசிரியை, அம்மாக்கள் நடந்து முடித்தபின் முகாமைப் பற்றிப் பேசுவோம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

ஆகவே வரும் சனிக்கிழமை அடையாளம் வைப்பது பிள்ளைகள். வழி கேட்டால் புள்ளி போகும் என்ற விதியை எடுத்துவிடலாம் என்றேன். கூச்சல் போட்டார்கள், அம்மாக்களுக்கு மட்டும் சலுகையா என்று. கடைசியில், நின்ற இடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரு முறை முழுதாகச் சொல்லி முடித்தபின் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், புள்ளி போகாது என்று முடிவானது. எத்தனை அம்மாக்களுக்குப் பதினாறு தெரியுமோ. போன்களை வாங்கி வைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. வாய்க்காலில் அதற்குள் இன்னும் தண்ணீர் ஏறலாம்.

பிரிவில் எதை வைப்பது என்றுதான் நீண்ட சண்டை. கொடிக்கம்பு நடலாம் என்றாள் ஒருத்தி. கோரைப்புல்லை முடிச்சுப் போடலாம் என்றாள் இன்னொருத்தி, அதை ஆடு மேயும் என்றாள் மூன்றாமவள். கம்பாஸ் பெண் எல்லாம் கேட்டுவிட்டு, "கல்லே வைப்போம்க்கா," என்றாள். "அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டு வைப்போம். வண்டிக்கு அண்டை குடுக்க நாமளே வேற கட்டை கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே கே.கே. நகரில் ஒரு மரக்கடையில் இரண்டு துண்டுக் கட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவருடைய பெயர் தெரியாது, எந்தத் தோப்பு என்றும் தெரியாது. நாளை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஜீயபுரம் போய், வழியில் எல்லாரிடமும் கேட்டுக்கேட்டு, அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.